கண்ணுக்குப் புலப்படாத அண்டைவீட்டார்

யாத்திரை என்றால் மலையும் அருவியும் கோபுரமும் மனோராவும் உள்ள ஊர்களை நாடிப் போவதே என்று எண்ணிப் பழகிவிட்டவர்களுக்கு, வடசென்னையிலுள்ள கொடுங்கையூரை ஒரு யாத்திரை ஸ்தலமாகக் கருதுவது சற்றுக் கடினமாகவே இருக்கும். மாநகரத்தின் வடபாதியார் தங்கள் வீடுகளில் வேண்டாதவற்றையெல்லாம் பல பத்தாண்டுகளாகக் கொண்டுபோய்க் கொட்டிவந்த குப்பைமேட்டினால்தான் அவ்வூரின் பெயர் பத்திரிகைகளில் அடிபடுகிறது. ஆயினும், இஸ்லாமியப் பாரம்பரியம் கூறும் ஜின்களையும் மலக்குகள் எனப்படும் வானவர்களையும் இறைநேசர்களையும் பற்றி ஏட்டில் படித்தவற்றை மனிதர் வாழும் நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டானபோது, நாகூருக்கோ ஏர்வாடிக்கோ புறப்படாமல், கொடுங்கையூரில் தொடங்கி இராயபுரம், காசிமேடு வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரையில் போய்வருவது என்றே தீர்மானித்தேன். அத்தீர்மானத்துக்கு ஹதீஸ் (நபிமொழி) நூல் ஒன்றில் காணும் ஒரு செய்தி காரணமாயிற்று. அது எலும்பையும் சாணத்தையும் பற்றிய செய்தி.

வியாசர்பாடியிலிருந்து எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை வழியே மூலக்கடையை நோக்கிப் போகும் பேருந்தில் அமர்ந்தால், வடசென்னையின் இயல்பு முழுவதும் ஜன்னலுக்கு வெளியே நகர்ந்துகொண்டே இருக்கும். காயலான் கடைகள், லாரிப் பட்டறைகள், ஒன்றையொன்று தோளிடித்து நிற்கும் வீடுகள், அம்மன் கோயில் ஒலிபெருக்கி, மாதா கோயில் சிலுவை, பச்சை விளக்கெரியும் பள்ளிவாசல் மினாரா ஆகிய இவையெல்லாம் தனித்தனித் தெருக்களில் ஒதுங்கி வாழாமல் ஒரே தெருவின் இரு பக்கங்களிலும் மாறி மாறித் தோன்றுகின்றன. கொடுங்கையூர் என்று நடத்துநர் குரல் கொடுப்பதற்கு முன்னரே நாசி அவ்வூரை அறிந்துகொள்கிறது. காற்றுத் திசை மாறினால் மட்டுமே அந்த அறிவிப்பு தவறும்.

மேட்டின் ஓரத்தில் நின்று பார்த்தேன். 340 ஏக்கருக்கும் மேலாகப் பரந்து கிடக்கும் அந்நிலத்தில், பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து மண் வேறாகவும் பிளாஸ்டிக் வேறாகவும் பிரிக்கும் வேலை யந்திரங்களைக் கொண்டு நடக்கிறது. அவ்வேலை தொடங்குவதற்குப் பல்லாண்டு முன்பிருந்தே, யந்திரமும் கையுறையும் இன்றி அதே பிரிக்கும் தொழிலைச் செய்துவந்த மனிதர்கள் இங்கே உண்டு. சாக்குப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரும்பு, செம்பு, பாட்டில், எலும்பு என்று வகை வகையாகப் பொறுக்கி எடுத்து, காயலான் கடையில் எடை போட்டுக் காசாக்கும் ஆடவரும் பெண்டிரும் அவர்கள். மேலே பருந்துகள் வட்டமிடுகின்றன; கீழே நாய்களும் மாடுகளும் தங்கள் பங்கைத் தேடுகின்றன. நகரம் கைவிட்ட பொருளுக்கு இத்தனை உரிமையாளர்கள் இருக்கிறார்களே என்று நினைத்தபோது, பட்டியலில் இன்னும் ஒரு சாரார் விடுபட்டிருப்பது என் நினைவுக்கு வந்தது.

இஸ்லாமியக் கொள்கையின்படி சிருஷ்டியில் அறிவுடைய இனங்கள் மூன்று. மலக்குகள் ஒளியினாலும், ஜின்கள் புகையற்ற நெருப்பின் சுவாலையினாலும், மனிதன் களிமண்ணினாலும் படைக்கப்பட்டனர். இவர்களுள் மலக்குகள் கட்டளையை மீற அறியாதவர்கள். ஜின்களோ மனிதரைப் போலவே விருப்புவெறுப்பு உடையவர்கள். உண்பார்கள், மணம் புரிவார்கள், பிள்ளை பெறுவார்கள், மடிவார்கள். அவர்களுள் நல்லவரும் தீயவரும், நம்பிக்கை கொண்டவரும் மறுப்பவரும் உண்டு. மறுமை நாளில் அவர்களுக்கும் கணக்குக் கேட்கப்படும். திருக்குர்ஆனின் 72ஆம் அத்தியாயம் அவர்கள் பெயரையே தாங்கியிருக்கிறது. 55ஆம் அத்தியாயமாகிய அர்ரஹ்மானில் 31 முறை திரும்பத் திரும்ப வரும் வினா, மனிதரையும் ஜின்களையும் ஒருசேர முன்னிருத்தியே கேட்கப்படுகிறது. ஆகவே, நம் ஊர்க் கதைகளில் புளியமரத்தில் தொங்கும் பேயையும் பிசாசையும் ஜின்னோடு ஒன்றாக்கிப் பேசுவது பொருந்தாது. பேய் என்பது இறந்த மனிதனின் எச்சம். ஜின்னோ நம்மைப் போல வாழ்ந்துகொண்டிருக்கும் வேறொரு சமுதாயம்.

அச்சமுதாயத்தார் பாழ்நிலங்களிலும் இடிபாடுகளிலும் குப்பை சேரும் இடங்களிலும் தங்குவார்கள் என்பது பழைய நம்பிக்கை. பக்தாதில் வாழ்ந்து 1166இல் மறைந்த முகையத்தீன் அப்துல் காதர் ஜீலானி அவர்களைப் பற்றி வழங்கும் காதைகளுள் ஒன்று இதற்குச் சாட்சி. மாடியில் நின்றிருந்த தன் மகளை ஒரு ஜின் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக ஒரு தகப்பன் வந்து கதறினான். கர்க் என்னும் பகுதியின் பாழ்நிலத்திற்கு இரவில் போய், ஐந்தாவது மேட்டின்மீது அமர்ந்து, தம்மைச் சுற்றி நிலத்தில் ஒரு வட்டம் கீறிக்கொள்ளும்படி அவர் சொல்லி அனுப்பினார். நள்ளிரவில் கூட்டங்கூட்டமாக ஜின்கள் பயங்கர உருவங்களோடு கடந்து சென்றும் எதுவும் அவ்வட்டத்தினுள் அடி வைக்கவில்லை. விடியலுக்கு முன் அவர்களுடைய அரசனே குதிரைமீது வந்து இறங்கி, முறையீட்டைக் கேட்டு, குற்றவாளியை வரவழைத்துத் தண்டித்து, பெண்ணைத் தகப்பனிடம் ஒப்புவித்தானாம். இக்கதையில் என்னைக் கவர்ந்தது அந்த வட்டத்தின் மந்திர சக்தியன்று. பாழ்மேட்டில் வாழ்வோருக்கும் ஓர் அரசன் உண்டு, நியாய ஸ்தலம் உண்டு, அங்கே ஏழைத் தகப்பனின் வழக்கும் எடுபடும் என்ற எண்ணமே.

இனி, நான் முன்னர்க் குறிப்பிட்ட ஹதீஸுக்கு வருகிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் இருந்த காலத்தில் ஓரிரவு காணாமற்போனார்கள். தோழர்கள் பள்ளத்தாக்குகளிலெல்லாம் தேடிக் களைத்து, அவ்விரவைத் துயரத்தோடு கழித்தார்கள். விடியற்காலையில் ஹிரா மலையின் திசையிலிருந்து வந்த நாயகம் அவர்கள், ஜின்களின் தூதன் ஒருவன் அழைத்ததனால் போய் அவர்களுக்குக் குர்ஆன் ஓதிக்காட்டி வந்ததாகக் கூறி, அவர்கள் நெருப்பு மூட்டியிருந்த தடங்களையும் காட்டினார்கள். தங்களுக்கு ஜீவனோபாயம் என்ன என்று ஜின்கள் கேட்டபோது அருளப்பட்ட விடைதான் விசேஷமானது: இறைவன் பெயர் சொல்லி அறுக்கப்பட்ட பிராணியின் எலும்பு அவர்கள் கைக்குச் செல்லும்போது மாமிசம் நிறைந்ததாகிவிடும், சாணம் அவர்களுடைய கால்நடைகளுக்குத் தீவனமாகும். ஆதலால் எலும்பையும் சாணத்தையும் கொண்டு யாரும் அசுத்தத்தைத் துடைக்கலாகாது என்றும், அவை உங்கள் சகோதரர்களின் உணவு என்றும் தோழர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. இப்னு மஸ்ஊது அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி இமாம் முஸ்லிம் அவர்களின் ஹதீஸ் தொகுப்பில் காணப்படுகிறது.

மறைவான உலகைப் பற்றிய ஒரு செய்தி, மாயக் காட்சியில் போய் முடியாமல், தினசரிச் சுத்தத்தைப் பற்றிய ஒழுங்கில் வந்து முடிவதை இங்கே கவனிக்க வேண்டும். நீ எறியும் பொருள் இன்னொருவனுடைய ஆகாரம். அவன் உன் கண்ணில் படாமல் இருக்கலாம். ஆயினும் அவன் உன் சகோதரன். ஆகவே எறிவதையும் மரியாதையோடு எறி என்பதே அதன் சாரம். கொடுங்கையூர் மேட்டில் ஜின்கள் வசிக்கிறார்களா இல்லையா என்பது எனக்குத் தேவையில்லாத ஆராய்ச்சி. கண்ணுக்குப் புலப்படாத சகோதரனுக்கே இத்தனை மரியாதை உரியதானால், சாக்குப்பையோடு அங்கே குனிந்து நிற்கும், கண்ணுக்குப் புலப்படும் சகோதரிக்கு எவ்வளவு உரியது என்பதே அங்கே நின்றபோது என்னுள் எழுந்த கேள்வி.

மாலை மயங்கியதும் பக்கத்துத் தெருவிலிருந்த பள்ளிவாசலுக்குப் போனேன். மஃரிபு என்னும் அந்தித் தொழுகைக்கான பாங்கு ஓய்ந்த சிறிது நேரத்தில், வாசற்படியின் ஓரத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். சிலர் தலையில் முக்காடு, பலர் நெற்றியில் குங்குமம். இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர் நிறைந்த சொம்பு. தமிழ்நாட்டின் பள்ளிவாசல்கள் பலவற்றிலும் தலைமுறை தலைமுறையாகக் காணும் காட்சி இது. தொழுது வெளிவருவோர் குழந்தையின் முகத்திலும் சொம்பின் மேலும் மெல்ல ஊதிவிட்டுப் போகிறார்கள். அவர்களுள் கடைசியாக வந்த முதியவரிடம் ஒரு பெண், "அஜ்ரத், கொழந்த ராத்திரில தூக்கத்துல அலறுது. கொஞ்சம் ஓதி ஊதுங்க" என்றாள். அவர் கண்ணை மூடிச் சற்று நேரம் உதடசைத்து ஊதிவிட்டு, "பயப்படாதம்மா. ஆனா காச்சல் இருக்குது, காலைல டாக்டர் கிட்டயும் காட்டிடு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

என்ன ஓதினீர்கள் என்று நான் கேட்டதற்கு, ஃபாத்திஹாவும் ஆயத்துல் குர்ஸியும் குர்ஆனின் கடைசி இரண்டு அத்தியாயங்களும் என்றார். அந்தக் கடைசி அத்தியாயத்தின் கடைசி வசனத்தைப் பற்றி அவர் சொன்னது என் சிந்தையில் தங்கிவிட்டது. மனத்தில் தீய எண்ணத்தை ஊதிவிட்டு மறைந்துகொள்பவனிடமிருந்து இறைவனிடம் காவல் தேடும் அவ்வத்தியாயம், அப்படி ஊதுபவன் ஜின்னிலும் உண்டு, மனிதனிலும் உண்டு என்று சொல்லியே முடிகிறது. "ஜின்னுக்கு மட்டும் பயந்தா போதாது தம்பி, ரெண்டாவது ஆளும் அந்த ஆயத்துல இருக்கான்" என்று அவர் சிரித்தார்.

மலக்குகளைப் பற்றியும் பேச்சு வந்தது. வஹீ என்னும் இறைச்செய்தி கொண்டுவரும் ஜிப்ரீல், மழைக்கும் உணவுக்கும் பொறுப்பான மீக்காயீல், ஊழிநாளில் எக்காளம் ஊதக் காத்திருக்கும் இஸ்ராஃபீல், உயிரை வாங்கும் இஸ்ராயீல் ஆகிய நால்வரை முஸ்லிம் இல்லங்களில் குழந்தைகளும் அறிவர். நம் இரு பக்கமும் இருந்து நன்மை தீமைகளை எழுதும் இருவரும், கபுறில் (அடக்கக்குழியில்) வந்து வினவும் முன்கர், நக்கீரும் அவ்வாறே. பச்சை வெங்காயமோ பூண்டோ தின்ற வாயோடு பள்ளிக்கு வரவேண்டாம், ஆதமுடைய மக்களுக்குத் துன்பம் தரும் வாடை மலக்குகளுக்கும் துன்பம் தரும் என்று ஒரு ஹதீஸ் உண்டென்பதை முதியவர் எடுத்துச் சொன்னார். சொல்லும்போதே காற்று திசை மாறி, மேட்டின் புகையும் நாற்றமும் பள்ளியின் முற்றத்தில் நிறைந்தன. அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இந்த மறைவுலகச் செய்திகள் அரபு நூல்களோடு நின்றுவிட்டவை என்று எண்ணலாகாது. தமிழில் முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமிய இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டதாகக் கருதப்படும் 'ஆயிரம் மசலா', 1572இல் வண்ணப் பரிமளப் புலவரால் இயற்றப்பெற்று மதுரையில் அரங்கேறியது. மதீனாவின் யூத அறிஞராகிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நாயகம் அவர்களிடம் கேட்ட ஆயிரம் வினாக்களுக்கான விடைகளாக அமைந்த அந்நூலில் வானமும் பூமியும், சுவர்க்கமும் நரகமும், மலக்குகளின் இயல்பும் விரித்துரைக்கப்படுகின்றன. பின்னர் உமறுப் புலவர் 5,027 பாடல்களால் பாடிய சீறாப்புராணத்தில், பிளந்து இறங்கிய சந்திரனும், பிணை வைத்துப் போய்க் குட்டிகளுக்குப் பாலூட்டித் திரும்பிய மானும், சாட்சி பகர்ந்த உடும்பும் தமிழ்க் காப்பிய மரபின் நடையில் உயிர்பெற்றன. தமிழ் முஸ்லிம்கள் இலக்கியம் செய்யத் தொடங்கியபோது முதன்முதலில் எடுத்துக்கொண்ட பொருள்களுள் கண்காணா உலகும் ஒன்றாயிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

மறுநாட் காலையில் மணலிச் சாலையில் வடக்கே சென்றேன். 1960களில் இங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அமைந்ததைத் தொடர்ந்து உரமும் ரசாயனமும் செய்யும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வானளாவிய புகைபோக்கிகளையும் மாபெருந் தொட்டிகளையும் கண்டபோது, சுலைமான் நபி அவர்களுக்கு ஜின்கள் செய்துகொடுத்ததாகக் குர்ஆனின் 34ஆம் அத்தியாயம் கூறும் உயர்ந்த மாடங்களும், தடாகங்களைப் போன்ற பாத்திரங்களும், இடம்விட்டு நகர்த்த முடியாத கொப்பரைகளும் என் மனக்கண்ணில் தோன்றின. பைபிளின் சாலமோன் ராஜாவும் இவரே. பறவையின் மொழியும் எறும்பின் பேச்சும் அறிந்த அவ்வரசருக்குக் காற்றும் ஜின்களும் வசப்பட்டிருந்தன. அவருடைய மரணத்தைப் பற்றிய செய்தி மிக நுட்பமானது. கைத்தடியை ஊன்றியபடியே அவர் உயிர் நீத்தார். ஜின்களோ அவர் மேற்பார்வை செய்வதாகவே எண்ணி, ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தன. நிலத்துக் கறையான் தடியை அரித்து, உடல் சரிந்து விழுந்த பிறகே உண்மை வெளிப்பட்டது. மறைவானவற்றை அறியும் ஆற்றல் தங்களுக்கு இருந்திருந்தால் இழிவு தரும் அந்த உழைப்பில் தங்கியிருக்க மாட்டோமே என்பது ஜின்களுக்கு அப்போது தெளிவாயிற்று.

இந்த ஒரு நிகழ்ச்சி, மறைவுலகத்தை வைத்துப் பிழைப்பவர் அனைவருக்கும் விடையளித்து விடுகிறது. ஜின்னை வசப்படுத்தித் திருட்டுப்போன நகையைக் கண்டுபிடித்துத் தருவதாகவும், எதிர்காலத்தைச் சொல்வதாகவும் தாயத்து விற்போர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தன் எதிரில் நின்ற அரசன் இறந்துவிட்டான் என்பதையே அறியாத இனம், நாளை நடப்பதை எவ்வாறு சொல்லும்? சக்தி மிக உடையவர்கள் எல்லாரும் ஞானமும் மிக உடையவர்கள் என்ற மயக்கத்தை ஒரு கறையான் தீர்த்துவைத்தது. அன்றியும், மேற்பார்வையாளன் உயிரோடிருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் உழைத்துக்கொண்டே இருந்த அந்த ஜின்களை, ஆலைகள் நிறைந்த இந்தப் பிரதேசத்தில் நினைத்துக்கொள்ளும்போது, இரக்கம் உண்டாகாமல் இருப்பதில்லை.

அங்கிருந்து தெற்கே திரும்பி, தண்டையார்பேட்டையைக் கடந்து இராயபுரம் வந்தேன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ஊர் என்று சரித்திரப் புத்தகங்கள் இதைப் புகழ்கின்றன. எனக்கோ அது குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் அடங்கிய ஊர். இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792இல் பிறந்து, சுல்தான் அப்துல் காதிறு என்று பெயர் பெற்று, கீழக்கரையில் கல்வி கற்று, மாமன் மகளை மணமுடிக்கப் பெரியோர் நிச்சயித்தபோது இல்லறத்தைத் துறந்து வெளியேறி, திருச்சிராப்பள்ளியில் குருவை அடைந்து தீட்சை பெற்று, மலையிலும் காட்டிலும் தவமிருந்து, இறுதியில் வடசென்னையின் முட்புதர் மண்டிய ஒரு நிலத்தில் வந்து தங்கி, 1838இல் மறைந்தவர் அவர். பித்தர் என்று தெருவோர் எண்ணிய அவரைத் தேடி வித்துவான்கள் வந்தார்கள். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். அவரோ நாயகத்தையும் முகையத்தீன் ஆண்டவரையும் பாடியதோடு, அகத்தீசன் பெயராலும் நந்தீசன் பெயராலும் சதகங்கள் பாடிவைத்தார்.

தர்காவில் நான் இருந்தது வெள்ளிக்கிழமை இரவென்று முஸ்லிம்கள் வழங்கும் வியாழன் அந்திப் பொழுது. சாம்பிராணிப் புகையின் நடுவே பச்சைப் போர்வை சாத்திய கபுறின் முன் ஒருவர் ஃபாத்திஹா ஓத, சுற்றிலும் நின்றவர்கள் கையேந்தியிருந்தார்கள். ஓதி முடிந்ததும் சர்க்கரையும் பொரிகடலையும் எல்லாருக்கும் பகிரப்பட்டன. மயிலிறகுக் கட்டு ஒன்று குழந்தைகளின் தலையை வருடிச் சென்றது. மீன் விற்கும் பெண்ணொருத்தி, கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "சாமி, பையனுக்கு ஒரு வேல கெடைக்கணும்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள்.

அடக்கஸ்தலங்களில் இவ்வாறு வேண்டுவதை ஏற்காத முஸ்லிம்களும் இதே தெருக்களில் வாழ்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கேட்பதை இறைவனிடம் நேரே கேட்க வேண்டும், இறந்தவரிடம் கேட்பது ஏகத்துவக் கொள்கைக்கு மாறு என்பது அவர்கள் வாதம். இறைவனிடமே கேட்கிறோம், அவனுடைய நேசரை முன்னிட்டுக் கேட்கிறோம் என்பது மற்றவர் மறுமொழி. இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது பிரயாணியின் வேலையன்று. ஆனால், இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் ஒன்று இருக்கிறது: மலக்குக்கும் ஜின்னுக்கும் மண்ணில் முகவரி கிடையாது, மனிதனாய்ப் பிறந்து, மனிதனாய்ப் பசித்து, மண்ணில் அடங்கியவனுக்கே முகவரி உண்டு. அதனாலேயே ஜின்னைப் பற்றிய பேச்சு ஊர்தோறும் கதையாக அலைய, அவ்லியாக்களாகிய இறைநேசர்களைப் பற்றிய பேச்சு ஒரு கதவு எண்ணும் ஒரு சந்தும் உடையதாக நிலைத்துவிட்டது.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை அடைந்தபோது பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. ஏலக் குரல்களும் பனிக்கட்டி உடைக்கும் ஓசையும் நிறைந்த அத்துறையில் நின்றால், சோழமண்டலக் கரை நெடுகிலும் கடலோடு பிணைந்து கிடக்கும் ஐதீகங்கள் நினைவுக்கு வருவது இயல்பு. தெற்கே கோவளத்தில் அடங்கிய தமீமுல் அன்சாரி அவர்களின் பேழை அலைகளில் மிதந்து வந்து கரை சேர்ந்தது என்பார்கள். இன்னும் தெற்கே நாகூரில், ஷாஹுல் ஹமீது ஆண்டகை முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது, நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலின் அபயக் குரலைக் கேட்டு, நாவிதரின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி எறிய, அது போய் ஓட்டையை அடைத்துக்கொண்டது என்பது தமிழகம் முழுவதும் அறிந்த கராமத்து, அதாவது அற்புதம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் அங்கே எழுப்பிய பெரிய மனோரா 131 அடி உயரமுடையது. கடல் கடந்து பிழைக்கப் போன தமிழ் முஸ்லிம்கள் அந்த ஆண்டகையின் நினைவைத் தம்மோடு கொண்டுசென்று, பினாங்கிலும், 1828 முதல் 1830 வரையில் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலும் நாகூர் தர்காக்களை எழுப்பினார்கள். உடல் அடங்காத இடத்திலும் நன்றி அடங்கும் என்பதற்கு அவை அடையாளம்.

கப்பலின் ஓட்டையை அடைத்த அந்தக் காதைக்கு நேர் எதிராகத் தோன்றும் ஒரு நிகழ்ச்சி குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில் உண்டு. மூஸா நபி, இரு கடல்கள் கூடும் இடத்தில் ஞானி ஒருவரைச் சந்தித்து, அவரோடு ஒரு படகில் ஏறுகிறார். அந்த ஞானியைக் கிள்ரு என்று மரபு அழைக்கிறது. கூலி வாங்காமல் ஏற்றிக்கொண்ட ஏழைகளின் படகில் அவர் துளையிடுகிறார். மூஸா திடுக்கிட்டுக் கேட்க, பிறகு விடை வருகிறது: குறையில்லாத படகுகளையெல்லாம் பலவந்தமாகப் பறிக்கும் அரசன் ஒருவன் எதிரே இருக்கிறான், பழுதுபட்ட படகு அவன் கண்ணுக்குத் தப்பி ஏழையிடமே தங்கும். நாகூரில் ஒருவர் துளையை அடைத்துக் காத்தார். இங்கே ஒருவர் துளையிட்டுக் காத்தார். இரண்டு காதைகளிலும் அதிசயம் ஒரு கருவிதான். கடலில் பிழைக்கும் எளியவனின் வயிறு காக்கப்பட்டதே பயன்.

இந்த எண்ணத்தோடு திருவொற்றியூர்க் கடற்கரைச் சாலையில், கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கும் கரையோரமாகவே எண்ணூர் வரையில் போனேன். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், இடுப்பளவு நீரில் நின்று கைகளாலேயே இறால் தடவிப் பிடிக்கும் மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அனல்மின் நிலையங்களின் சாம்பல் அந்நீரில் கலந்து ஆழத்தைக் குறைத்துவிட்டது. 2023 டிசம்பரில், புயல் மழை வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் கழிமுகம் முழுவதும் பரவி, படகுகளும் வலைகளும் கருமை படிந்து நின்றன. படகைப் பறிக்கும் அரசன் அந்தப் பழைய காலத்தோடு போய்விடவில்லை. அவன் இப்போது படகை விட்டுவிட்டு நீரைப் பறிக்கிறான். கண்ணுக்குப் புலப்படாத சகோதரனின் உணவை அசுத்தத்தால் கெடுக்காதே என்ற கட்டளை எலும்புக்கும் சாணத்துக்கும் உரியது என்றால், ஆற்றுக்கும் இறாலுக்கும் அது இன்னும் எத்தனை மடங்கு உரியதாக வேண்டும்!

நம்பிக்கைக்குக் கிளைகள் அறுபதுக்கும் மேலானவை என்றும், அவற்றுள் கடைசியானது வழியில் கிடந்து துன்பம் தருவதை அகற்றுவது என்றும் ஒரு நபிமொழி கூறுகிறது. அதைத் தொழிலாகவே செய்த ஒரு பெண்மணியின் வரலாற்றோடு இதை முடிப்பது பொருத்தமாகும். மதீனாவில் நாயகம் அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த கறுப்பு நிறப் பெண்ணொருத்தி இருந்தாள். சில நாள் அவளைக் காணாமல், எங்கே என்று நாயகம் அவர்கள் விசாரித்தார்கள், இறந்துவிட்டாள் என்றார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டபோது, அவளுடைய காரியத்தை மக்கள் அற்பமாகக் கருதிவிட்டது வெளிப்பட்டது. வானங்களைக் கடந்து சென்று வந்தவர் என்றும், ஜின்களுக்கு வேதம் ஓதியவர் என்றும் முஸ்லிம்கள் போற்றும் அவர்கள், அவளுடைய கபுறைக் காட்டும்படி கேட்டு, அங்கே சென்று நின்று அவளுக்காகத் தொழுதார்கள். தர்காவில் வேண்டலாமா கூடாதா என்று வாதிப்போர் இரு சாராரும் மெய்யென்று ஏற்கும் வரலாறு இது. துப்புரவு செய்தவளைத் தேடிப் போன அந்த நடை எந்த யாத்திரைக்கும் குறைந்ததன்று. கொடுங்கையூரில் ஜின்னைப் பற்றியும் மலக்கைப் பற்றியும் அறியப் போகும் ஒருவர், அங்கே குப்பையைப் பிரித்து நிற்பவர்களை ஏறெடுத்துப் பாராமல் திரும்புவாரானால், அவர் மறைவுலகத்தையும் அறிந்தவராகார், கண்ட உலகத்தையும் அறிந்தவராகார்.